தாய்மாமன் சீராக வந்த லாரி

சிம்பாங் ரெங்கம்,
1934 ஆவணி மாதம்.

சிங்கப்பூரில் சகல சௌக்கியத்துடன் இருக்கும் மைத்துனன் சிரஞ்சீவி செல்லப்பனுக்கு உன் அத்தான் சபாபதி எழுதுவது. இங்கு நானும், உன் அக்காள் பேச்சியம்மாளும், எங்கள் மகள் அங்கம்மாவும் நலம் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன். நலம் இல்லை.

ஊரில் தாய்மாமன் சீர் என்றால் பட்டுச் சேலை அனுப்புவார்கள், வளையல் அனுப்புவார்கள். அங்கம்மாவுக்கு நீ லாரி அனுப்பினாய். அத்தான் மளிகைக் கடைக்கும் ஆகும், கல்யாணத்துக்கும் ஆகும் என்று எழுதியிருந்தாய். மகராசா, அது எதற்கும் ஆகவில்லை. வண்டியைக் கிளப்ப முன்னால் கைப்பிடியைச் சுற்றினால் அது திருப்பி அடிக்கிறது. என் வலது கை இன்னும் சோறு பிசைய மறுக்கிறது. ஹாரனை அமுக்கினால் சத்தம் இல்லை, இடப்பக்கம் திரும்பினால் தானாக ஊதுகிறது. கதவைக் கயிற்றால் கட்டியிருக்கிறோம். ஓட்ட ஆள் வேண்டுமே என்று வீரமுத்துவை வைத்தேன். அவன் ரப்பர் தோட்டத்தில் மாட்டு வண்டி ஓட்டியவன். பள்ளத்தில் இறங்கும்போது பிரேக்கை மிதிப்பதற்குப் பதிலாக "ஹோ... ஹோ..." என்று அதட்டுகிறான். மாடாவது கேட்டிருக்கும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது போன வெள்ளிக்கிழமை நடந்தது. அங்கம்மாவுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் வந்து தட்டிப்போனது உனக்குத் தெரியும். மூன்றாவதாக, செடெனாக் ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் அய்யாவு கங்காணி, தன் மகன் தங்கராஜுவுக்குப் பெண் பார்க்க வருகிறேன் என்று தானாகச் சொல்லி அனுப்பினார். இதுவும் போனால் ஊர் வாயை மூட முடியாது என்று உன் அக்காள் மாரியம்மனுக்கு விளக்கு நேர்ந்துகொண்டாள். நானோ, சொந்த லாரி இருக்கும்போது சம்பந்தி பஸ்ஸில் வரலாமா என்று, கௌரவம் பார்த்து, லாரியிலேயே அழைத்துவரப் போனேன். சனியனைச் சந்தனம் பூசி அழைத்தேன் என்று சொல்.

ராசம்மா சம்பந்தியம்மாள் முன்னால், மற்றவர்கள் பின்னால் ஜமுக்காளத்தில். வீடு கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை தெய்வம் துணை இருந்தது. அங்கே ரேடியேட்டர் புஸ்ஸென்று ஆவி விட்டு வண்டி நின்றுவிட்டது. சூடு அடங்கியதும் அய்யாவு கங்காணி மூடியைத் திறந்து விரலை விட்டு இழுத்தார். இழுக்க இழுக்க வெள்ளையாக நீளமாக என்னவோ வந்துகொண்டே இருந்தது. வீரமுத்து தலையைச் சொறிந்தான்.

"ஒழுகுச்சுங்கய்யா. டியூப்பு ஓட்டைக்கு ரப்பர் பால் தடவினோம், ஒட்டுச்சுல்ல? அதான் இதுலயும் ஒரு வாளி பால் ஊத்தினேன்."

அடப்பாவி! சூட்டில் பால் உறைந்து உள்ளே முழுக்க ரப்பராகிவிட்டது. நான் அங்கேயே செத்துவிட்டேன். கங்காணி அந்த ரப்பரை இழுத்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, "பால் நல்ல பால்தான்" என்றார். அவர் கிண்டல் செய்தாரா, தொழில் பேசினாரா என்று இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது.

தண்ணீர் கொண்டுவரச் சொல்லி வீரமுத்துவை அனுப்பினேன். அந்த மடையன் தண்ணீர்க் குடத்தோடு அங்கம்மாவையே கூட்டி வந்துவிட்டான்! அரைத்த மஞ்சள் கையில், அள்ளி முடிந்த கொண்டை, அடுப்புக் கரி நெற்றியில். பெண் பார்க்க வந்தவர்கள் ரப்பர் மர நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளைப் பையன் சட்டையைக் கழற்றிவிட்டு, வண்டிக்கு அடியில் எண்ணெயில் குளித்துக்கொண்டிருக்கிறான். இவள் அவனை வழியில் போன ஃபிட்டர் என்று நினைத்துக்கொண்டாள்.

"அலமாக்! யாரு இதுல பாலை ஊத்தினது? அண்ணே, சும்மா படுத்திருக்கீங்களே, அந்த ஸ்பேனரை எடுங்க லா!"

அண்ணே! கட்டிக்கொள்ளப் போகிறவனை, பெற்றோர் எதிரில், அண்ணே என்று கூப்பிட்டுவிட்டாள். அதற்கு மேல் என்ன கல்யாணம், என்ன காட்சி? நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவன் "இந்தாங்க" என்று ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான். இரண்டு பேருமாக வெகுநேரம் ரப்பர் பிடுங்கினார்கள். பிறகு எல்லோருமாக வண்டியை வீடு வரை தள்ளினோம். கங்காணியின் ஜரிகை வேட்டி கிழிந்தது. வீட்டுக்கு வந்தால் ராகு காலம். சாப்பிட்டுவிட்டு, "வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்று போய்விட்டார்கள். அதற்கு அர்த்தம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றிலிருந்து உன் அக்காள் அடுப்பைப் பார்த்துப் பேசுகிறாள். அங்கம்மா துலக்கிய பாத்திரத்தையே திரும்பத் துலக்குகிறாள். என் குழந்தையின் வாழ்க்கை நடுரோட்டில் நின்றுபோயிற்று, செல்லப்பா.

ஆகவே கடிதம் கண்டதும் வந்து உன் சீரை நீயே எடுத்துப் போ. வராவிட்டால் ஆற்றில் தள்ளிவிடுவேன். ஆறு வரை அது ஓடாது என்பதுதான் யோசனையாக இருக்கிறது.

உன் பெண்சாதி பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். முருகன் உன்னை எல்லா விதத்திலும் நன்றாக வைக்கட்டும். லாரி விஷயத்தில் மட்டும் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கட்டும்.

இப்படிக்கு,
மனமொடிந்த உன் அத்தான்,
சபாபதி.

பின்குறிப்பு: தபாலில் போடக் கிளம்பும்போது அய்யாவு கங்காணி தாம்பூலத் தட்டோடு வாசலில் வந்து நிற்கிறார்! "சம்பந்தி, பொண்ணு பாக்கப் போனா கோப்பித் தட்டோட குனிஞ்சு நிக்கும், அதுல என்னத்தைத் தெரிஞ்சுக்கிறது? உங்க பொண்ணை நாங்க மத்தியானம் வரைக்கும் பாத்துட்டோம். பையன் வேற பொண்ணு வேணாங்கிறான்" என்றார். அந்த "அண்ணே"யைப் பற்றி நானே வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "அது யாருன்னு தெரியாம சொன்னது. தெரிஞ்ச பிறகு உங்க பொண்ணு அவனை ஒண்ணுமே கூப்பிடலை. நிமிந்து பாக்கவும் இல்லை. அதைத்தான் அவன் திரும்பத் திரும்பச் சொல்றான்" என்றார். உள்ளே அங்கம்மா பாத்திரத்தைக் கீழே போட்டாள். கார்த்திகையில் முகூர்த்தம். ராசம்மா சம்பந்தியம்மாள் அதை ராசியான வண்டி என்கிறாராம். மாப்பிள்ளை ஊர்வலம் அதில்தான் என்று பிடிவாதம். ஆகையால் மச்சான், லாரியை எடுக்க வராதே. தள்ள வா.