ஞாயிற்றுக்கிழமைச் சேனாதிபதி

நம்மிடையே ஒருவகை மனிதர்கள் உண்டு. திங்கள் முதல் சனி வரை உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார்கள். ரேஷன் கடை வரிசையில் நிற்பார்கள், டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள், மேலதிகாரி முறைத்தால் பிடரியைச் சொறிவார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், ஆயிரம் வருஷம் பின்னால் போய் நின்றுகொண்டு, ‘யாரங்கே!’ என்று நம்மை அதட்டுவார்கள். இந்த வகையினருக்கு ஞாயிற்றுக்கிழமைச் சேனாதிபதிகள் என்று பெயர் வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான பெயர் உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.

பார்த்ததே இல்லை என்கிறீர்களா? கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வெளியே, முந்திரிக் காட்டை ஒட்டி, ஓர் அறக்கட்டளைக்காரர்கள் நடத்தும் வாழ்வியல் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை வாருங்கள். பானை ஓட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிற இடம் அல்ல அது. சோழர் காலத்து ஊர் ஒன்றையே மண்ணும் கீற்றுமாகக் கட்டி, அதற்குள் உயிருள்ள ஆட்களை அந்தக் காலத்து உடுப்பில் நடமாட விட்டிருக்கிறார்கள். ஒருவர் பானை வனைவார், ஒருவர் செக்கு ஓட்டுவார், ஓரமாக ஏரி வெட்டுவார்கள். எல்லாரும் சம்பளமில்லாத் தொண்டர்கள். ஆரம்பத்தில், ‘அக்கால மக்களாக வாழ்ந்து காட்ட ஆட்கள் தேவை’ என்று காப்பாளர் சுகன்யா நோட்டீஸ் ஒட்டியபோது நாற்பத்து மூன்று பேர் வந்து குவிந்தார்கள். படிவத்தில் ‘விரும்பும் வேடம்’ என்ற இடத்தில் பதினோரு பேர் அரசர் என்று எழுதினார்கள். முப்பத்தொரு பேர் சேனாதிபதி. மிச்சமிருந்த ஒருத்தி மட்டும், “எனக்கு மம்பட்டி புடிக்கத்தாங்க தெரியும், அதையே போட்டுக்குங்க” என்றாள். அவள் பெயர் மருதாயி.

நாற்பத்திரண்டு பேரும் குதிரை மேலேயே உட்கார்ந்திருந்தால் சோழர் காலத்து அந்தக் கண்ணுக்கெட்டாத ஏரியை எவன் தோண்டினான்? சுகன்யா இதை வாய்விட்டே கேட்டாள். பதில் தெரிந்த மருதாயி ஏற்கெனவே கூடை சுமக்கத் தலைக்குச் சும்மாடு சுற்றப் போய்விட்டாள். கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் சேனாதிபதி வேடம் பரணிதரனுக்கு விழுந்தது.

பரணிதரன் ஜெயங்கொண்டத்தில் குடியிருப்பவர், ஐம்பத்திரண்டு வயது. ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் மூட்டை கட்டும் பிரிவு. இருபத்தாறு வருஷமாக வெள்ளைத் தூசியில் நின்று மூட்டை எண்ணுகிறார். அங்கே அவர் பெயர் யாருக்கும் தெரியாது. “யோவ் பேக்கிங்!” என்பார்கள், திரும்பிப் பார்ப்பார். இது உள்ளுக்குள் எவ்வளவு வலிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்படிப்பட்ட மனுஷரின் தலையில் தலைப்பாகையைக் கட்டி, இடுப்பில் வாளைச் செருகி, ‘சேனாதிபதி அவர்களே’ என்று நாலு பேர் கூப்பிட்டால் என்ன ஆகும்? என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

முதலில், சோழரைப் பற்றிய பேச்சில் ‘அவர்கள்’ போய் ‘நாங்கள்’ வந்தது. இந்த இனத்தை அடையாளம் காண்பதற்கு இந்த ஒரு சொல் போதும். “நாங்க கடாரத்துக்குக் கப்பல்ல போனப்ப...” என்று ஆரம்பிப்பார். போன வருஷம் ஊட்டிக்குப் போன பஸ்ஸில் நாலாவது வளைவிலேயே பிளாஸ்டிக் பை கேட்டவர் இவர்தான். பிறகு நடை மாறியது. பிறகு மீசை மாறியது. ஒட்டு மீசை காலத்துக்குப் பொருந்தாது என்று ஆறு மாதம் வளர்த்த சொந்த மீசை. மூக்குக் கண்ணாடியும் பொருந்தாது என்று கழற்றி வைத்துவிட்டார். அதனால் பத்தடிக்கு அப்பால் நிற்பது ஆளா தூணா என்று அவருக்குத் தெரியாது. ஆனால் மருதாயியின் முந்தானையில் ஊக்கு குத்தியிருந்தால் மட்டும் எப்படியோ தெரிந்துவிடும்.

ஈட்டியோடு டவுன் பஸ் ஏறுவார். கண்டக்டர் கும்பிட்டுக் கேட்பார்: “சார், அதக் கொஞ்சம் கீழ பாத்துப் புடிங்க. போன வாரமே மேக்கூரையில ஓட்ட போட்டுட்டீங்க, மழ வந்தா நாந்தான் நனையுறேன்.”

வீட்டிலும் இதே கூத்துதான். “தேவி, அருந்துவதற்குச் சிறிது நீர்” என்பார். மனைவி ஜெயலட்சுமி அடுப்படியிலிருந்தே பதில் சொல்வாள்: “கேஸ் தீந்து ரெண்டு நாளாச்சு, அத புக் பண்ணிட்டுப் போர்க்களத்துக்குக் கெளம்புங்க.”

இத்தனையும் பொறுத்துக்கொள்ளலாம். சேனாதிபதிக்குச் சட்டம் போடும் ஆசை வந்ததுதான் வினை. அருங்காட்சியகத்து ஊருக்குள் காலத்துக்குப் பொருந்தாத பொருள் எதுவும் நுழையக் கூடாது என்று சுகன்யா பொதுவாகச் சொல்லி வைத்திருந்தாள். பரணிதரன் அதைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டினார். ‘காலம் தப்பிய பொருளுடன் பிடிபடுவோர், பதவி எதுவாயினும், ஏரிக்கரையில் இருபது கூடை மண் சுமக்கக் கடவர். இங்ஙனம், சேனாதிபதி.’ கீழே தடைசெய்த பொருள்களின் பட்டியல். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மக்காச்சோளம், தேநீர். அத்தனையும் வெள்ளைக்காரன் கப்பல்களில் வந்து இறங்கியவையாம், ஏதோ ஒரு புத்தகத்தைப் பாதி வரை படித்துவிட்டு எழுதினார். ‘பதவி எதுவாயினும்’ என்பதை மட்டும் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. காதுக்குக் கம்பீரமாக இருக்கிறதென்று சொந்தமாகச் சேர்த்தார்.

வாராவாரம் வேட்டை நடந்தது. குயவர் வேடம் போடும் திருமுருகன் காதிடுக்கில் பால்பாயிண்ட் பேனாவோடு மாட்டினான், இருபது கூடை. செக்கு ஓட்டுகிற மாயவன் வாயில் ஹால்ஸ் மிட்டாய், இருபது கூடை. ஆனால் சேனாதிபதியின் கண் எப்போதும் மருதாயி மேல்தான். ஏன் என்றால், வருகிற கூட்டம் எல்லாம் அவளிடமே போனது. இவர் வாளை உருவிக் கங்கைப் படையெடுப்பை நாற்பது நிமிஷம் விவரித்துக்கொண்டிருப்பார், பாதியிலேயே ஜனங்கள் நழுவி ஏரிக்கரைக்குப் போய், “அக்கா, நான் ஒரு கூட தூக்கிப் பாக்கட்டுமா?” என்று வரிசையில் நிற்பார்கள். மருதாயி வாரநாளில் நூறு நாள் வேலையில் நிஜமாகவே ஏரி தூர் வாருகிறவள். ஞாயிற்றுக்கிழமை அதையே வேடம் கட்டிக்கொண்டு செய்கிறாள். “அங்க வெட்டுனா ஓவர்சியர் திட்டுறாரு, இங்க வெட்டுனா கை தட்டுறாங்க, வேற ஒரு வித்தியாசமும் இல்லீங்க” என்பாள். சிரிப்பு கிளம்பும். நாற்பது நிமிஷம் பேசியும் பரணிதரனுக்குக் கிடைக்காத சிரிப்பு அது.

ஒருநாள் அவள் மடியில் வேகவைத்த மக்காச்சோளக் கதிர் இரண்டு இருந்தது. மருதாயிக்குப் பிறந்த வீடு ரஞ்சன்குடிப் பக்கம். பெரம்பலூர்ச் சீமையில் பாதிக் காடு மக்காச்சோளம்தானே, அண்ணன் கொடுத்தனுப்பியிருந்தார்.

“என்னம்மா இது?”

“பசிச்சா கடிக்கலாம்னு எடுத்தாந்தேன் சார்.”

“இது கப்பல்ல வந்த சரக்கு. எங்க மன்னர் காலத்துல இது கெடையாது. நீ சரித்திரத்தையே கெடுக்கிற!”

“எங்கண்ணன் கொல்லையில வெளஞ்சதுங்க. கப்பல எல்லாம் நாங்க பாத்ததே இல்ல.”

கதிரைப் பிடுங்கி எறிந்தார். அவள் மறுபேச்சுப் பேசாமல் இருபது கூடையைச் சுமந்தாள். எப்படியும் சுமக்க வேண்டியதுதான் என்பதால் நட்டம் ஒன்றுமில்லை. ஆனாலும் எறிந்த கதிரையே ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

இந்தச் சமயத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. ஆடித் திருவாதிரை விழாவுக்கு முந்தின ஞாயிறு அறக்கட்டளையின் சார்பில் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியை அம்மாளும் ஒரு புகைப்படக்காரரும் வருகிறார்கள். தொண்டர்களில் சிறந்தவரைத் தேர்ந்தெடுத்துப் படம் பிடித்து, அவர் உயரத்துக்கே பெரிதாக்கி, நுழைவாயிலில் நிரந்தரமாக நிறுத்தப் போகிறார்கள்.

பரணிதரனுக்குத் தூக்கம் போயிற்று. ஆலை பஸ் தினமும் அந்த வாசல் வழியாகத்தான் போகும். மூட்டைப் பிரிவு மொத்தமும் ஜன்னல் வழியாகப் பார்க்கும். ‘அட, நம்ம பேக்கிங்கா இது!’ என்று ஒருத்தன் சொல்ல மாட்டானா? ‘பெயர் என்னய்யா?’ என்று ஒருத்தனாவது கேட்க மாட்டானா? அந்த ஒரு படத்துக்காக இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை, பாவம்.

பேச்சால் கூட்டத்தைக் கட்ட முடியாதென்று அவருக்கே தெரிந்திருந்தது. ஆகவே விருந்து. கங்கையிலிருந்து திரும்பிய படைக்குச் சேனாதிபதி தன் கையால் சர்க்கரைப் பொங்கல் பரிமாறும் காட்சி. முந்தின நாள் சமையலறையில் ஒவ்வொரு பொருளையும் நிறுத்தி வைத்து விசாரித்தார். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், நெய், போகலாம். ஏலக்காயை மோந்து பார்த்து, சேர நாட்டுச் சரக்கு என்று அனுமதித்தார். ஜெயலட்சுமி உலர்ந்த திராட்சையை எடுத்ததும் சீறினார்.

“திராட்சையா? அது அந்நியச் சரக்கு. கொட்டு வெளிய!”

“அப்ப முந்திரி?”

“பைத்தியமாடி ஒனக்கு? முந்திரி நம்ம மண்ணோட உசிரு! எங்க பாட்டனுக்குப் பாட்டன் வெச்ச காடு. நல்லா அள்ளிப் போடு.”

அவள் இரண்டு கை அள்ளினாள். அவர் இன்னும் நாலு கை அள்ளிப் போட்டார்.

ஞாயிறு வந்தது. தலைப்பாகை, வாள், மீசை எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. பேராசிரியை அம்மாள் முன் வரிசையில் உட்கார்ந்தார், வெள்ளைத் தலைமுடி, சாதுவான முகம். கூட்டம் இந்த முறை நகரவில்லை. பொங்கல் வாசனை அப்படி. பரணிதரன் மீசையை ஒருதரம் முறுக்கிக்கொண்டார். இலைத் தொன்னையில் பொங்கலை வைத்து, மேலே ஒரு முழு முந்திரியைச் செருகி, அம்மாளிடம் நீட்டினார்.

“அம்மணி, உண்ணுங்கள்! கங்கைக்குப் போகையில் எங்கள் வீரர் ஒவ்வொருவர் மடியிலும் இருந்தது இந்த முந்திரிதான். இந்த வலுவில்தான் நாங்கள் வடக்கை வென்றோம்!”

கைதட்டல். அம்மாள் முந்திரியை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“ரொம்ப நல்லா வறுத்திருக்கீங்க” என்றார். “ஆனா ஐயா, முந்திரி பிரேசில் நாட்டு மரம். போர்த்துகீசியர்கள் கப்பல்ல கொண்டுவந்தாங்க. உங்க படை கங்கைக்குப் போய் ஐநூறு வருஷம் கழிச்சு.”

சேனாதிபதியின் கை நீட்டியபடியே நின்றது. ‘பாட்டனுக்குப் பாட்டன்’ என்று வாய் மட்டும் அசைந்தது. ஏரிக்கரையிலிருந்து மம்பட்டியை ஊன்றியபடி மருதாயிதான் கேட்டாள்:

“ஏம்மா, அப்ப இது எங்கண்ணன் மக்காச்சோளம் வந்த கப்பல்லயே வந்ததுங்களா?”

“ஏறக்குறைய அதேதாம்மா.”

“பாத்தீங்களா சார்? ரெண்டும் ஒண்ணாத்தான் வந்து எறங்கியிருக்கு. ஒங்க காட்டுல நின்னா மண்ணோட உசிரு, எங்க காட்டுல நின்னா கப்பல் சரக்கா?”

மாயவன் அதற்குள் ஓடிப்போய் வாசல் பலகையையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டான். சுகன்யா அதைக் கூட்டத்துக்கு நிறுத்தி நிதானமாக வாசித்தாள். “...பதவி எதுவாயினும்...” என்ற இடத்தில் கொஞ்சம் கூடுதலாகவே நிதானம். மருதாயி தன் தலைச் சும்மாட்டைக் கழற்றி நீட்டினாள்.

“வாங்க சார், தலப்பாவ வாங்கி நான் வெச்சிருக்கேன். முதுக வளைக்காதீங்க, முட்டிய மடக்கித் தூக்குங்க. இல்லாட்டி நாளைக்கு மூட்டப் பக்கம் போக முடியாது.”

சும்மா சொல்லக் கூடாது, பரணிதரன் இருபது கூடையையும் சுமந்தார். மூன்றாவது கூடையில் மேலாடை போயிற்று. ஏழாவதில் மீசை தொங்கிவிட்டது. பதினோராவதில் முகமெல்லாம் மண்ணும் வியர்வையுமாகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கரையேறினார். பின்னால் தலைப்பாகையைத் தன் தலையில் வைத்துக்கொண்டு மருதாயி கை நீட்டி வழி காட்டினாள். “அப்படியே, அப்படியே!” என்று கத்திக்கொண்டு புகைப்படக்காரர் மண்ணில் மண்டியிட்டார். இரண்டு வருஷமாக அங்கே எடுத்த படங்களில் வேடம் மாதிரியே தெரியாத படம் அது ஒன்றுதானாம்.

ஆறடிப் படம் இன்றைக்கும் நுழைவாயிலில் நிற்கிறது. கீழே, ‘ஏரி வெட்டும் கூலியாள், பதினோராம் நூற்றாண்டு. பின்னால்: மேஸ்திரி.’ ஆலை பஸ் தினமும் அந்த வழியாகப் போகிறது. “அட, நம்ம பேக்கிங்!” என்று ஜன்னல் கொள்ளாமல் எட்டிப் பார்க்கிறார்கள். கேட்டது கிடைத்துவிட்டது, என்ன குறை?

மனுஷர் திருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இந்த இனத்தைப் பற்றி இன்னும் உங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு சேனாதிபதி வேடத்தைத் திருமுருகனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு நேரே ஏரிக்கரைக்கு வந்தார். இடுப்பில் ஒரு முழத் துணி, தோளில் கூடை. மருதாயி மம்பட்டி போடுவதைக் கொஞ்ச நேரம் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“அப்படிப் புடிக்காதம்மா. நாங்க ஏரி வெட்டுனப்ப மம்பட்டிய இப்படித்தான் புடிப்போம்.”

மருதாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “சரிங்க சார்” என்று மம்பட்டியைக் கொடுத்துவிட்டு, நிழலில் போய் உட்கார்ந்து மடியிலிருந்து எதையோ எடுத்துக் கடித்தாள். சாயங்காலம் வரைக்கும் பரணிதரன்தான் வெட்டினார். அவள் கடித்தது எது என்று யாரும் சோதிக்கவில்லை.

சிரித்தாயிற்றா? நல்லது. போவதற்கு முன் உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாற்பத்து மூன்று பேரின் கதையைச் சொன்னேனே, அப்போது உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் எந்த வரிசையில் நின்றிருப்பார் என்று மனசு ஒரு நொடி ஓடிப் பார்த்திருக்கும். குதிரை மேல் உட்கார வைத்தீர்களா, கூடையைக் கொடுத்தீர்களா? பதில் எனக்கு வேண்டாம், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வாருங்கள். மருதாயி இன்னொரு சும்மாடு சுற்றி வைத்திருக்கிறாள்.