ஆடாமல் கட்டிய சைலன்சர்

மாமனாரின் காருக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. சைலன்சர் குழாய் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கிய இரண்டு ரப்பர் வளையங்களில் ஒன்று அறுந்துவிட்டது. ஏதோ பழைய கம்பித் துண்டு வேறு தொங்கியது.

மாமனார் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் முதன்முறையாக, கேட்காமலேயே சாவியை நீட்டி, "ஒரு வாரம் ஓட்டுங்க மாப்ள" என்றிருந்தார். அந்த நம்பிக்கையைக் கெடுத்துக்கொள்வதா?

"அப்பாகிட்ட சொல்லிடலாமே" என்றாள் மனைவி.

"சொல்லி மானம் போகவா? நான் கட்டின பார்சல் இதுவரைக்கும் ஒண்ணாவது அவுந்திருக்கா?"

மிச்ச ரப்பரையும் கழற்றி எறிந்துவிட்டு, கம்பியால் குழாயை இம்மியும் அசையாமல் காரோடு கட்டினார். தெருமுனை தாண்டுவதற்குள் குழாய் உடைந்தது. கார் போட்ட சத்தத்தில் தெருநாய்கள் கூடவே ஓடிவந்தன.

கேட் செய்யும் பட்டறையில் பற்றவைத்து, இரும்புப் பட்டை போட்டு முடுக்கினார். மறுநாள் பட்டைக்குப் பக்கத்திலேயே உடைந்தது. அதையும் ஒட்டி, குழாயைக் காரின் அடித்தகட்டோடேயே பற்றவைத்தார். இப்போது சீட், ஸ்டியரிங், அவருடைய பல் எல்லாம் சேர்ந்து நடுங்கின.

"என்னங்க, குரல் நடுங்குது?"

"ஒ... ஒண்ணு... ஒண்ணுமில்ல."

மறுபடியும் உடைந்தது. ஞாயிற்றுக்கிழமை காரைத் திருப்பித் தர வேண்டும். சனிக்கிழமை காலை, வேறு வழியில்லாமல் மெக்கானிக்கிடம் போனார்.

"எஞ்சின் ஆடும் சார். அதோட சேந்து குழாயும் ஆடணும், அதுக்குத்தான் ரப்பர்ல தொங்குது. இறுக்கிக் கட்டினா உடையாம என்ன செய்யும்? ஏழு எடத்துல பத்த வெச்சிருக்கீங்க. இனி புதுசுதான்."

தான் பற்றவைத்தது மூன்றுதானே என்று குமாஸ்தாவுக்குத் தோன்றியது. எண்ணிக்கை பேசும் நிலைமையில் தான் இல்லை என்பதால் பர்ஸை எடுத்தார்.

ஞாயிறன்று புதுக் குழாயும் புது ரப்பருமாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார். மாமனார் சாவியைக்கூட வாங்காமல் நேரே குனிந்து குழாயைத் தட்டினார்.

"ஆடுதே மாப்ள?"

"ஆடணும் மாமா. ஆடினாத்தான் உடையாது."

"ஓ, அப்படியா சங்கதி" என்று மாமனார் வெகுநேரம் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். தப்பித்தோம் என்று குமாஸ்தா பெருமூச்சு விட்டபோது, ஜன்னல் வழியாக மாமியாரின் குரல் கேட்டது.

"நாந்தான் சொன்னேன்ல? இழுத்துக் கட்டிக் கட்டி நாலு தடவ உடைச்சீங்களே, ஒரு வாரம் மாப்ளகிட்ட குடுங்க, வாயத் தொறக்காம புதுசே மாத்திக் கொண்டாந்துடுவார்னு."