என் வாய்க்குக் கிடைத்த ஊழியம்

கடத்தூர்,
தவக்காலம் நாலாம் வாரம், 1986.

சங்கைக்குரிய சிஸ்டர் ராஜமேரிக்கு அண்ணன் அருள்சாமி தோத்திரம் சொல்லி எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் உன் அண்ணி மதலேனம்மாளும் சுகம். உன் மடத்தில் எல்லாரும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். கன்னியாஸ்திரீயை ‘நீ’ என்று எழுதலாமா தெரியவில்லை. இடுப்பில் தூக்கி வளர்த்த தங்கச்சி என்பதால் எழுதிவிட்டேன்.

நம் கோவிலுக்கு வந்திருக்கும் புதிய சாமியார் கிறிஸ்மஸ் கழிந்து ஒரு ஞாயிறு தாலந்து உவமையை, எசமான் கொடுத்த பணத்தை மண்ணில் புதைத்து வைத்த ஊழியக்காரன் கதையை, பிரசங்கம் செய்தார். ஆண்டவர் கொடுத்ததை மண்ணில் புதைக்காமல் அவர் மகிமைக்காகச் செலவு செய்யுங்கள் என்றார். எனக்கென்ன கொடுத்திருக்கிறார்? பாட வராது, ஏர் பிடித்தால் சால் வளையும், பேச்சு ஒன்றுதான் வரும், அது உனக்கே தெரியும். சாமியாரிடம் போய்ச் சொன்னேன். சந்தோஷப்பட்டு, பூசையில் நிருபம் வாசிக்கச் சொன்னார். பவுலடியார் சுருக்கமாக எழுதிவிட்டாரே, ஜனங்களுக்கு விளங்க வேண்டுமே என்று நடுநடுவே கொஞ்சம் விளக்கினேன், பூசை முடிவதற்குள் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் போய்விட்டது. அடுத்து பிள்ளைகளுக்கு ஞானோபதேசம். நோவாவின் பெட்டகத்தில் ஏறிய மிருகங்களைச் சொல்லத் தொடங்கினேன், ஆடு மாடு ஏறி முடிவதற்குள் இருட்டிவிட்டது, தாய்மார்கள் அரிக்கேன் விளக்கோடு வாசலில் வந்து நின்றார்கள். சாமியார் கை கூப்பினார். “அருள்சாமி, தவக்காலம் வருதுங்க. இந்த வாட்டி உங்க பேச்சை ஒறுத்தலா ஒப்புக்கொடுங்க.”

ஒப்புக்கொடுத்தேன். நான் பேசாமல் சோறு தின்பதைப் பார்த்து மதலேனம்மாள் பயந்து, தர்மபுரிக்கு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார். தாலந்தைப் புதைத்த ஊழியக்காரன் நான்தானோ என்று மனசு அடித்துக்கொண்டது.

அப்போதுதான் பக்கத்துக் காட்டு நஞ்சப்பன் வீட்டில் அந்தத் துக்கம். அவருடைய ஒரே மகன் மாது, கிணற்று மோட்டாரில் கரண்ட் அடித்துப் போய்விட்டான். கல்யாணம் பேசி வைத்திருந்த பையன். காரியம் முடிந்தும் நஞ்சப்பன் அழவில்லை, பேசவில்லை, சுவரைப் பார்த்துக் கட்டிலில் படுத்துவிட்டார். வந்தவர்கள் ஆறுதல் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் சம்சாரம் பாஞ்சாலி நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணா, ஆறுதல் ஒண்ணும் சொல்ல வேணாங்க. எப்பவும் பேசுற மாதிரி வந்து பேசிக்கிட்டு இருங்க. வூடு சத்தமே இல்லாம கெடக்குது.”

ஒறுத்தலை முறித்துவிட்டுப் போனேன். கட்டிலோரம் உட்கார்ந்து புளி விலை, மழை, எருமைக்கு வந்த கோமாரி எல்லாம் பேசினேன். அவர் திரும்பவேயில்லை. அடுத்தடுத்த நாளும் போனேன். ஒரு சாயங்காலம் பேச்சுவாக்கில், நம் அப்பா சந்தைக்கு ஓட்டிப்போன பசுவின் கன்று கூட்டத்தில் காணாமல் போன கதையை எடுத்துவிட்டேன். பிள்ளையை இழந்தவரிடம் என்ன கதை சொல்கிறேன் என்று பாதியில்தான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டேன்.

நஞ்சப்பன் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். “அந்தக் கன்னுக்குட்டி கெடச்சுதுங்களா?”

“கெடச்சுதுங்க.”

“எம் மாது கெடைக்க மாட்டான்ல.”

அப்புறம் அழுதார், ராஜமேரி. பாஞ்சாலி ஓடி வந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு பேச ஆரம்பித்தார். மாது தவழ்ந்தது, பள்ளிக்கூடம் போகாமல் சோளக் காட்டில் ஒளிந்தது, மோட்டாருக்கு ஆள் கூப்பிடலாம் என்று தான் சொல்லியும் அவன் கேட்காதது, எல்லாம். விளக்கேற்றும் வரை பேசினார். நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை, பேசத் தோன்றவுமில்லை. பாஞ்சாலி களி கொண்டுவந்து வைத்தாள். தின்றார்.

வரும் வழியில் கோவிலில் முழங்காலில் நின்றேன். அன்று ஆண்டவருக்கு நான் ஒப்புக்கொடுத்தது பேச்சையா, பேசாததையா? நீதான் படித்தவள், யோசித்து எழுது. ஒறுத்தலை முறித்த பாவத்தைச் சாமியாரிடம் சொன்னேன். அவர், இனி நோயாளிகள் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவது என் ஊழியம் என்றார்.

உன் செபத்தில் நஞ்சப்பனையும் பாஞ்சாலியையும் மாதுவின் ஆத்துமாவையும் நினைத்துக்கொள். மடத்துத் தாயாருக்கு என் வணக்கம். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணன் அருள்சாமி

பின்குறிப்பு: முதல் வீடாக, காலொடிந்து கிடக்கும் அல்போன்ஸை நேற்றுப் பார்க்கப் போனேன். துணைக்கு வருகிறேன் என்று நஞ்சப்பனும் வந்தார். போனதிலிருந்து திரும்பும் வரை அவரேதான் பேசினார், எனக்கு வாய் திறக்க இடமே கிடைக்கவில்லை. கிளம்பும்போது அல்போன்ஸ் என் கையைப் பிடித்து, அடுத்த வாரம் அவரை மட்டும் அனுப்பினால் போதும் என்று சொல்லிவிட்டான்.