ஓட்டிப் பார்த்த சாப்பாடு

பாசமும் மரியாதையும் மிகுந்த அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மகளும் அவள் வயிற்றில் இருக்கும் சின்ன முதலாளியும் சௌக்கியம். அங்கே நீ, அத்தான், உன் முழங்கால் எல்லாரும் சௌக்கியமா என்று எழுதவும்.

விஷயம் என்னவென்றால், மகள் என்னை விட்டுப் போகிறாள். சனிக்கிழமை மாப்பிள்ளை வந்து கூட்டிப் போகிறாராம். அவர் வேலை விஷயமாக ஊர் ஊராகச் சுற்றுகிறவர், அதனால் பிரசவம் வரை இவள் இங்கேயே இருப்பதாகத்தான் பேச்சு. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் இப்போதுதான் இந்த வீட்டில் இரண்டு தட்டு கழுவுகிறேன். அதைக் கெடுத்தது யார் என்று கேட்காதே, நான்தான்.

முதல் பிள்ளை, சாப்பாட்டில் கவனமாக இருங்கள், பாலைக் காய்ச்சுங்கள், பழத்தைக் கழுவுங்கள், முட்டையை நன்றாக வேகவையுங்கள் என்று டாக்டரம்மா சாதாரணமாகத்தான் சொன்னார், நான்தான் அதைச் சாதாரணமாகக் கேட்டுக்கொள்ளவில்லை. திராட்சையைப் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுக் கழுவினேன், அவள் ஒன்றை வாயில் போட்டதும் நுரை வந்தது, வலிப்பு என்று நினைத்துப் பக்கத்து வீட்டுத் தையல்காரரை வண்டியோடு வரவழைத்துவிட்டேன். முட்டை இன்னும் கொஞ்சம் வேகட்டும், இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று விட்டதில் தண்ணீர் வற்றி, முட்டை வெடித்து, மஞ்சள் கரு இன்னமும் சமையலறைக் கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆப்பிளை வேகவைத்துக் கொடுத்தால், "இது என்ன கிழங்குப்பா?" என்று கேட்டாள். இதையெல்லாம்கூட அவள் சிரித்துக்கொண்டே பொறுத்தாள். ஆனால் தொழில்புத்தி போகுமா, நீயே சொல்லு. பட்டறையில் இருந்த காலம் முழுக்க, பிரேக் சரிபண்ணின லாரியை நானே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் டிரைவர் கையில் சாவி கொடுத்ததில்லை. அதே மாதிரி, சமைத்ததை முதலில் நான் ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டு, முன்னறை நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவளுக்குப் பரிமாறுவேன். "நான் என்ன லாரியா? பசிக்குதுப்பா" என்பாள். "பொறும்மா, வயிறு இன்னும் பதில் சொல்லல" என்பேன்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் பார்த்தால் அவள் எடை ஏறவே இல்லை, என் சட்டைப் பொத்தான்தான் தெறித்திருந்தது. சமைத்ததை எவ்வளவு நேரம் வெளியே வைக்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "ஐயா, கிருமி வளர்றதுக்கு அவ்வளவு நேரம் தாராளம். சூடா இருக்கும்போதே போடுங்க" என்றார். அன்றைக்குச் சாயங்காலமே மகள் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "அப்பாகூட இருந்தா சாப்பாட்டைப் பார்த்தாலே பயமா இருக்கு" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசினாள், ஆனால் அந்தக் கதவைப் பொருத்தினது நான், எல்லாம் கேட்டது. நான் போனில் பேசினாலும் அவளுக்குக் கேட்கும், அதனால்தான் கடிதம்.

இவள் அம்மா இப்படியா இருந்தாள் அக்கா? இவளைச் சுமந்துகொண்டிருந்தபோது, பட்டறை வாசலில் பழவண்டிக்காரர் நறுக்கி வைத்ததை ஒரு கையால் ஈ ஓட்டிக்கொண்டே இன்னொரு கையால் எடுத்துத் தின்பாள். நீ பை நிறையக் கொய்யா கொண்டுவந்தால் சேலையில் ஒரு துடை, உடனே ஒரு கடி. அரைவேக்காட்டு முட்டையை அடுப்படியில் நின்றபடியே விழுங்கிவிட்டு, "உங்க தம்பிகிட்ட சொல்லிடாதீங்க அக்கா" என்பாளாமே. அந்தத் தம்பியே கிரீஸ் கையோடு அவளுக்கு ஊட்டிவிட்டிருக்கிறான். அது சரி என்று சொல்ல வரவில்லை, நம் நல்ல நேரம், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என்ன சிரிப்பு அது, பட்டறைச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். இவள் பள்ளிக்கூடம் போகிற வயதில் அவள் போய்ச் சேர்ந்தாள், அன்றையிலிருந்து எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். ஒருத்தியைப் பறிகொடுத்தாகிவிட்டது, இன்னொருத்திக்கு ஏதாவது ஒன்று என்றால் நான் தாங்கமாட்டேன்.

ஆகவே நீ அவளிடம் பேசி, இங்கேயே இருக்கச் சொல்ல வேண்டும். நான் திருந்திவிட்டதாகச் சொல், பொய்யானாலும் பரவாயில்லை. அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உன் முழங்காலுக்கு ஓய்வு.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: மேலே உள்ளதை மறந்துவிடு. கவரை ஒட்டுகிற சமயத்தில் மகள் வந்து, "அத்தைக்கு என்னைப் பத்தி என்ன புகார்? படிங்க" என்று நின்றாள். படித்தேன். அம்மா பேச்சு வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மாவைப் பத்தி நீங்க இப்படி ஒருநாளும் பேசினதே இல்லையேப்பா" என்றாள். உண்மைதான், பேச வாய் வந்ததில்லை. பேச்சு மும்முரத்தில் அடுப்பிலிருந்து இறக்கினதை இரண்டு பேரும் ஒன்றாகவே சாப்பிட்டுவிட்டோம், அவள் இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளையை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதனால் நீ போனில் பேச வேண்டாம், கிளம்பி நேரே வா. "இன்னும் சொல்லுங்க" என்கிறாள். என்னிடம் இருந்தது இந்த ஒரு சாயங்காலத்திலேயே தீர்ந்துபோயிற்று, மிச்சமெல்லாம் உன்னிடம்தான் இருக்கிறது.