எலி அறையில் குரல் உயர்த்தாதீர்

மன அழுத்தம் என்னும் அரக்கனை மண்ணுலகிலிருந்து விரட்டும் பொறுப்பு 2009ஆம் ஆண்டில் எங்கள் சிதம்பரம் நகரத்தின் மீது விழுந்தது. குறிப்பாக, எங்கள் பேராசிரியர் ராமாமிர்தத்தின் மீது. அவருடைய ஆய்வகத்தில் உதவிப் பேராசிரியனாக இருக்கும் பாக்கியம் எனக்கு.

ஆய்வு எளிது. சுண்டெலியைக் குறுகிய குழாயில் அடைப்போம். அது அரளும். மூளையை அமைதிப்படுத்தும் மருந்தைக் கொடுத்துவிட்டு அடைத்தால் அரளாது. அரளக் கூடாது.

ஆனால் எலிகள் 'ஒத்துழைப்பு' நல்கவில்லை. மருந்தே போடாத எலிகளும் கல்யாணச் சாப்பாடு முடித்துச் சாய்ந்த மாமாவைப் போல நிம்மதியாகக் கிடந்தன.

உயர்மட்ட விசாரணை நடந்தது. குற்றவாளி சிக்கினார்: சேத்தியாத்தோப்பிலிருந்து வரும் ஆய்வு மாணவி சத்யப்பிரியா. தினமும் எலிகளைக் கையில் எடுத்து முதுகைத் தடவிக் கொடுத்திருக்கிறார்.

"எதுக்கும்மா தடவுன?"

"பாவமா இருந்துச்சு சார்."

"நீ பாவம் பாத்தா அப்புறம் மருந்துக்கு என்ன வேலை?"

அன்றுமுதல் பேராசிரியரே எலி அறைக்கு எழுந்தருளி, சத்யப்பிரியாவை நிற்க வைத்துத் திட்டினார். "முட்டாள்! தீசிஸ்ல கையெழுத்தே போட மாட்டேன்! திட்டக்குடி காலேஜ்ல வேலைக்குக் கூப்புடுறாங்களாமே, எப்பிடிப் போறேன்னு பாக்குறேன்!"

மருந்தில்லாத எலிகள் மூலையில் ஒண்டி நடுங்கின. மருந்துண்ட எலிகள் சாவகாசமாக மீசையைத் துடைத்துக்கொண்டன. ஆய்வு மகத்தான வெற்றி! சத்யப்பிரியாவும்தான் நடுங்கினார். அவர் ஆய்வு மாதிரியில் சேர்த்தி இல்லை என்பதால் நாங்கள் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில் விலங்கு நலக் குழு பார்வையிட வந்தது. தலைவர் பொன்னுரங்கம் எலிகளைக் கண்டு கண்கலங்கினார்.

"ஏன் இப்பிடி நடுங்குதுங்க?"

"புரொபசர் சத்தம் போடுவாரு சார்," என்றார் சத்யப்பிரியா.

"எலிங்க எதுருலயா? அநியாயம்! இனிமே இந்த ரூம்ல ஒருத்தரும் குரல ஒசத்தக் கூடாது. மீறுனா லேப்ப இழுத்து மூடிடுவோம்."

"எங்கள வெளிய வச்சித் திட்டுனா சார்?"

பொன்னுரங்கம் நியாயவானாக யோசித்தார். "நீங்க விலங்கு இல்லியேம்மா. எங்களுக்கு அதுக்கு அதிகாரம் கெடையாது."

மறுநாளே சத்யப்பிரியா மேசை நாற்காலியுடன் எலி அறைக்குக் குடிபெயர்ந்தார். பேராசிரியர் பின்னாலேயே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"வெளிய வாம்மா."

"கையெழுத்து போடுங்க சார், வந்துடறேன்."

பேராசிரியரின் முகம் சிவந்தது. வாய் திறந்தது. கூண்டுக்குள் ஓர் எலி காதை நிமிர்த்தியது. வாயை மூடிக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

சத்யப்பிரியா திட்டக்குடிக்குப் பஸ் ஏறிவிட்டார். அவர் காலி செய்த நாற்காலிக்கு மற்ற மாணவர்களிடையே இன்றும் கடும் போட்டி. மனிதர்கள் அச்சமின்றி அமர்ந்து படிக்க எங்கள் துறையில் வசதி உண்டு என்பதைப் பெருமையுடன் அறிவிக்கிறேன். ஒரே நிபந்தனை, பக்கத்தில் எலி இருக்க வேண்டும்.