எதிர் ஜன்னல் பென்சில்

மூத்தவளின் ஐசிங் பக்குவத்துக்கு ஒரு தடவை விலை பேசினார்கள். பாத்திரக்கடைக்காரர் ஒரு மிக்ஸி தருவதாகச் சொன்னார். அவள் இரண்டு கேட்டாள். அவர் ஒரு மிக்ஸியும் அரை டஜன் கரண்டியும் என்று வந்து நின்றார். பேரம் படியவில்லை. அன்றிலிருந்து அந்தப் பக்குவம் விலைமதிப்பில்லாததாகிவிட்டது.

அப்பேர்ப்பட்ட பக்குவத்தை இப்போது எதிர் ஜன்னலில் ஒருத்தி பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தாள்.

எழுதியவள் இளையவள்; மூத்தவளின் ஓரகத்தி. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வீடு. நடுவில் கை நீட்டினால் தொட்டுவிடுகிற அகலத்தில் ஒரு சந்து. சந்துக்கு இந்தப் பக்கம் ஒரு சமையலறை, அந்தப் பக்கம் ஒரு சமையலறை. மூத்தவள் முட்டையின் வெள்ளைக்கருவில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து, பொடித்த சர்க்கரையை ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் ஸ்பூன் ஏறினால் அந்தப் பக்கம் பென்சில் இறங்கியது. ஸ்பூன் நின்றால் பென்சிலும் நின்று கன்னத்தைச் சொறிந்தது.

வேறு நாளாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். இன்றைக்கு நாலு மணிக்குக் காபிக்கடைக்காரர் வருகிறார். மாதிரிக்கு நாற்பத்தெட்டு பிஸ்கட். மேலே வெள்ளை ஐசிங், ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு. பிடித்துப்போனால் தினம் நூறு, வருஷம் முழுக்க. அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "இந்தப் பண்டம் வேற யார்கிட்டயும் கிடைக்கக் கூடாது."

"என்னடி எழுதுற?" என்றாள் மூத்தவள், குரலில் சர்க்கரையைத் தூவி.

"பால் கணக்குக்கா."

"பால்காரர் வந்துட்டுப் போய் மூணு மணி நேரம் ஆச்சே."

"அதான் நிதானமாப் பாக்குறேன்."

பால் கணக்கை எதிர் ஜன்னல் ஸ்பூனைப் பார்த்து எழுதுகிறவளை மூத்தவள் இதுவரை பார்த்ததில்லை. ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.

சாத்தியதும் அடுப்பின் சூடு உள்ளேயே தங்கிவிட்டது. பத்து நிமிஷத்தில் அவளுக்கும் வியர்த்தது, ஐசிங்குக்கும் வியர்த்தது. ஒரு வாய் எடுத்துப் பார்த்தாள். வாய் வேறு காலையில் போட்ட மாத்திரையால் கசந்து கிடந்தது. முதல் தடவையில் ருசி பிடிபடவில்லை. இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தாள். தண்ணியாகத்தான் இருந்தது.

ஐசிங் பதத்துக்கு ஒரு சோதனை உண்டு. நடுவில் கத்தியால் ஒரு கோடு கிழித்துவிட்டு எண்ண வேண்டும். பத்து எண்ணும்போது கோடு மூடிக்கொண்டால் பதம் சரி. முன்னாலேயே மூடினால் தண்ணி, மூடவே இல்லையென்றால் கெட்டி. மூத்தவளுக்கு வாய்விட்டு எண்ணித்தான் பழக்கம். ஜன்னல் சாத்தியிருந்தாலும் காது சாத்தியிருக்காதே என்ற யோசனை வந்தது. அதனால் உளவாளியைக் குழப்ப, "மூணு, பதினாறு, எட்டு, இருபது" என்று மாற்றி மாற்றி எண்ணினாள். இளையவள் குழம்பினாளோ என்னவோ, மூத்தவள் குழம்பிவிட்டாள். கோடு எப்போது மூடியது என்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டுமென்று நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டாள்.

சுவர் பூசலாம் போல ஆகிவிட்டது. தண்ணீர் விட்டாள். ருசி பார்த்தாள். இனிப்பு இறங்கியிருந்தது. சர்க்கரை போட்டாள். ருசி பார்த்தாள். எலுமிச்சை தூக்கலாக இருந்தது. கிண்ணத்தில் இருந்தது குண்டானுக்கு மாறியது. குண்டானில் இருந்தது குக்கருக்கு மாறியது.

கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, தீப்பெட்டி இருக்கா?"

"உன்கிட்ட லைட்டர் இருக்கே."

"அதைத் தேடத்தான். அலமாரிக்கு அடியில ஒரே இருட்டு."

இளையவள் தீப்பெட்டியைப் பார்க்கவே இல்லை. அவள் கண் மூத்தவளின் கையிலிருந்த ஸ்பூனில் நின்றது, அங்கிருந்து மோவாய்க்கு ஏறியது, கடைசியில் குக்கருக்குப் போனது. இடுப்பில் செருகியிருந்த நோட்டு பாதி திறந்து தொங்கியது. மூத்தவளின் பார்வை அதில் விழுந்தது. 'சர்க்கரை, ஸ்பூன்: 19.'

இனிச் சந்தேகம் எதற்கு? பிறகு மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். தான் போட்டது இருபத்தாறு. திருடத் தெரிந்த அளவுக்கு இவளுக்கு எண்ணத் தெரியவில்லை. கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனாலும் நாலு மணி வரைக்கும் பொழுது இருக்கிறது; அதற்குள் மீதியையும் எண்ணிவிடுவாள்.

அவளை அனுப்பிவிட்டுக் கணவருக்குப் போன் போட்டாள். அவர் பூட்டுக்கடை வைத்திருந்தார். கடை நிறையப் பூட்டு; வீட்டில் ஒரு கதவுக்கும் ஒழுங்கான பூட்டு கிடையாது.

"என்னங்க, நல்ல பூட்டா ஒண்ணு உடனே அனுப்புங்க."

"எதுக்கு?"

"உங்க தம்பி பொண்டாட்டி உக்காந்து என் பக்குவத்தை எழுதுறா."

"எழுதட்டும் விடு. எத்தனை எழுதியிருக்கா?"

மூத்தவள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை முறைத்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள்.

"என்ன எழுதியிருக்கான்னு கேக்கல. எத்தனைன்னு கேக்குறீங்க."

"சும்மா ஒரு பேச்சுக்குத்தான். கடையில ஆள் நிக்குது, வைக்கிறேன்."

ஆள் நிற்கிற கடையில் அவர் இவ்வளவு மெதுவாக என்றைக்கும் பேசியதில்லை. ஆக, இவரும் கூட்டு. தாலி கட்டியவரே எதிராளிக்குக் கணக்கப்பிள்ளை வேலை பார்க்கிறார் என்றால் இனி யாரை நம்புவது? மூத்தவள் குக்கரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியிலிருந்து பார்த்துவிடக் கூடாதே என்று விளக்கையும் போடவில்லை.

இருட்டில் தடவித் தடவிக் கலக்கினாள். ஒரு வாய் பார்த்தாள். எலுமிச்சை இன்னும் நாலு சொட்டு வேண்டும் போலிருந்தது. அலமாரியில் இருந்த எலுமிச்சைச் சாற்றுச் சீசாவைத் தேடி எடுத்து விட்டாள். போதவில்லை என்று தோன்றியதால் இன்னும் விட்டாள். நிமிர்ந்தபோது சாவித் துவாரத்தில் இருந்த வெளிச்சப் புள்ளி அணைந்தது. மறுபடி எரிந்தது. மறுபடி அணைந்தது. துவாரம் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"யாரது?"

"நான்தான்கா. லைட்டர் கெடைச்சிடுச்சு, சொல்லிட்டுப் போலாம்னு."

மூத்தவள் ஆத்திரத்தில் கதவைத் திறந்தாள். இளையவள் இல்லை. ஆனால் வெளிச்சம் உள்ளே வந்து குக்கரைக் காட்டியது. எலுமிச்சைச் சீசா இருந்த இடத்திலேயே இருந்தது. கையில் இருந்தது நீலச் சாயச் சீசா. குக்கர் முழுக்க மைக்கூடு மாதிரி மின்னியது.

வீட்டில் இருந்த பொடித்த சர்க்கரை அத்தனையையும் கொட்டினாள். மை நீலம் மயில் நீலமாகி, மயில் நீலம் வான நீலத்தில் வந்து நின்றது. வெள்ளைக்குத் திரும்ப வழியில்லை. சாயம் கசக்கிறதா என்று பார்த்தாள். கசக்கவில்லை, நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னும் மூன்று தடவை பார்த்தாள். பதம், ஆச்சரியமாக, பத்து எண்ணும்போது கோடு மூடுகிற பதமாகவே இருந்தது. கடைசியில், குண்டான் அடியில் மீந்திருந்த ஒரு கரண்டி பழைய வெள்ளையைக் காகிதக் கோனில் அடைத்து, நீலப் பிஸ்கட்டுகளுக்கு வெள்ளை ஓரம் போட்டாள்.

நாலு மணிக்குக் காபிக்கடைக்காரர் வந்தார். தட்டைப் பார்த்தார்.

"வெள்ளையில நீலக் கோடுன்னு சொன்னதா ஞாபகம்."

"வெள்ளை எந்தக் கடையிலயும் கெடைக்கும்ங்க. உங்க கடையில மட்டும் கெடைக்கட்டுமேன்னு மாத்திட்டேன்."

அவர் ஒன்றைக் கடித்தார். கண்ணை மூடி மென்றார். இரண்டாவதை எடுத்தபோது மூத்தவளுக்கு உயிர் வந்தது.

"நாளையிலேருந்து நூறு அனுப்புங்க," என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "நாக்கு ஏன் இவ்வளவு நீலமா இருக்கு?" என்று கேட்டார்.

"பண்டத்தை ருசி பார்க்காம கொடுக்கலாமா?" என்று சொல்லிக்கொண்டே, விரலில் ஒட்டியிருந்ததை மூத்தவள் வாயில் வைத்தாள்.

வாசற்படியில் பென்சில் கீறுகிற சத்தம் கேட்டது. இளையவள் நின்றுகொண்டிருந்தாள், நோட்டோடு.

மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை. "பாருங்க, உங்க கண்ணெதிர்லயே எழுதுறா. காலையிலேருந்து என் பக்குவம் அத்தனையும் இவ நோட்டுல ஏறிக்கிட்டிருக்கு."

காபிக்கடைக்காரர் கடித்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்தார். வியாபாரிக்கு வாய் இனித்தாலும் மூளை இனிப்பதில்லை. "அப்போ யோசிக்கணுமேம்மா. வேற இடத்துல கெடைக்கக் கூடாதுன்னுதானே உங்ககிட்ட வந்தேன். இது வெளிய போயிடுச்சுன்னா நம்ம பேச்சு செல்லாது."

மூத்தவள் பாய்ந்து போய் நோட்டைப் பிடுங்கி அவர் கையில் வைத்தாள். "நீங்களே படிங்க. எல்லாம் தப்பும் தவறுமாத்தான் இருக்கும். நான் இருபத்தாறு போட்டப்போ பத்தொம்பதுன்னு எழுதினவ இவ."

"அக்கா, வேண்டாம்," என்றாள் இளையவள். "மாமா வந்ததும் நாம வீட்டுக்குள்ள பேசிக்கலாம்."

"அவரும் கூட்டுன்னு எனக்குத் தெரியும்டி. சத்தமா படிங்க. தெருவுக்கே கேக்கட்டும்."

காபிக்கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒரு பக்கம் புரட்டினார். அடுத்த பக்கம் புரட்டினார். நோட்டுக்கு மேலாக மூத்தவளின் நாக்கை ஒரு தடவை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்:

"'இன்னைக்கு அக்கா வாய்க்குள்ள போன சர்க்கரை முப்பத்தெட்டு ஸ்பூன், டாக்டர் அனுமதிச்சது சைபர், மாமாகிட்ட சொல்லப் போறது நாலு, அக்காவுக்காக மறைக்கிறது முப்பத்தி நாலு.'"