ஆசை இல்லாத பிளாக்

'சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்' என்று ஆரம்பித்தது அந்தச் சுற்றறிக்கை. 2014-இல் நெய்வேலி டவுன்ஷிப்பில் அதைப் படிக்காத குவார்ட்டர்ஸ் இல்லை. காலியாக இருக்கும் ஒரே ஒரு ஃபோர்மேன் பதவி, சொந்த முன்னேற்றத்தைவிடச் சமூக நலனைப் பெரிதாக நினைப்பவருக்கே வழங்கப்படும். செய்யும் ஒவ்வொரு உதவிக்கும் மார்க் உண்டு; அக்கம்பக்கத்தார் கையெழுத்தோடு விண்ணப்பிக்கவும். இப்படிக்கு, கூட்டு வாழ்வு மேம்பாட்டுப் பிரிவு.

சோமசுந்தரம் மூன்று முறை படித்தார். சுரங்கத்தில் இருபத்தாறு வருஷமாக கன்வேயர் பெல்ட்டோடு மல்லுக்கு நிற்கிறவர். ரிடையர் ஆக இன்னும் இரண்டே வருஷம். அதற்குள் ஃபோர்மேன் ஆகிவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

"சமூகத்துக்கு உழைக்கப் போறீங்களாக்கும்?" என்றாள் மனைவி அமிர்தம். "நம்ம வூட்டுக் குழாயையும் அதுல சேத்துக்குங்க. ஆறு மாசமா ஒழுவிக்கினே கெடக்குது."

"அது சொந்த வேல அமிர்தம். மார்க்கு கெடையாது."

மறுநாளே பிளாக் திருந்திவிட்டது. மாணிக்கம்மாள் கேண்டீனில் வேலை பார்த்துக்கொண்டு மாடியில் தனியாக இருப்பவள். அவளுடைய கேஸ் சிலிண்டரைத் தூக்க ஏழு பேர் வந்தார்கள். சிலிண்டர் ஒன்றுதான். ஆளுக்கொரு முறை என்று நியாயமாகப் பங்கிட்டதில், அது நான்கு முறை மேலே போய் மூன்று முறை கீழே வந்தது. ஏழு பேருக்கும் அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

முதல் ஷிஃப்ட் பஸ் வந்தது.

"நீங்க ஏறுங்கண்ணே."

"சமூகம்தான்டா முதல்ல. நீ ஏறு."

"ஒங்களுக்கு முன்னால நான் ஏறுவனா?"

டிரைவர் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுக் காலி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போனார். முப்பது பேருக்கும் அரை நாள் லீவு வெட்டினார்கள்.

சோமசுந்தரத்தின் நேர்காணலில் அதிகாரி செங்குட்டுவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"விண்ணப்பிச்சிருக்கீங்க."

"ஆமாங்க சார்."

"அப்ப பதவி மேல ஆசை இருக்கு."

"இருக்குதுங்க."

"ஆசைப்படுறவருக்குக் கொடுக்கக் கூடாதுன்னுதானே சுற்றறிக்கையே! அடுத்தவரை வரச் சொல்லுங்க."

விண்ணப்பித்த அத்தனை பேரும் இவ்வாறே கழிந்தார்கள். விண்ணப்பிக்காத மாடசாமிக்குப் பதவி கிடைத்தது. 'பதவி ஒன்று காலியாக இருப்பதே அறியாது வாழ்ந்த பண்பாளர்' என்று பாராட்டு விழாவில் வாசித்தார்கள். பண்பாளர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததால் அவர் சம்சாரம் மாலையை வாங்கிக்கொண்டாள்.

பிளாக்குக்குப் புத்தி வந்தது. அடுத்த மாதம் சிலிண்டர் பலாமரத்தடியில் வந்து இறங்கியது.

"அண்ணே, ஒரு கை குடுங்களேன்!" என்று கூப்பிட்டாள் மாணிக்கம்மாள்.

"தூக்குனா ஆசை இருக்குன்னு எழுதிடுவாங்க தங்கச்சி," என்றார் சோமசுந்தரம் ஜன்னல் வழியாக. "அடுத்த வருஷமும் ஒரு போஸ்ட் காலியாவுது." சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார். மற்ற ஜன்னல்களும் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

அவளே தோளில் ஏற்றி, படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி, மேலே கொண்டு போனாள்.

ஒரு வாரத்தில் வாசலில் பலகை மாட்டினார்கள்: 'ஆசையற்ற பிளாக். முதல் பரிசு.' மாணிக்கம்மாளுக்கு மட்டும் மெமோ வந்தது. கூட்டு வாழ்வுக்கு மாறாகத் தன் சிலிண்டரைத் தானே தூக்கிய குற்றத்துக்கு விளக்கம் கேட்டிருந்தார்கள்.

மெமோவோடு வந்த ஆபீஸ் பியூன் சிலம்பரசன் கீழே நின்று குரல் கொடுத்தான்: "இந்தம்மா தானே தூக்குனதுக்குச் சாட்சிக் கையெழுத்து வேணுங்க! பத்து மார்க்கு! விண்ணப்பம் தேவையில்ல!"

ஜன்னல்கள் திறந்தன. பிளாக்கே படியில் இடித்துக்கொண்டு இறங்கியது. இந்த முறை யாரும் யாரையும் முன்னால் விடவில்லை. வரிசையில் முதல் ஆள் சோமசுந்தரம். வந்த வேகத்தில் பேனாவை மறந்துவிட்டார்.

"இந்தாங்கண்ணே," என்று மாணிக்கம்மாள்தான் தன் பேனாவைக் கொடுத்தாள்.